பழைய மாணவர் பட்டியலும் பாவ அறிக்கையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகம் என்னும் ஒரு பிரிவு கடந்த அரை நூற்றாண்டில் தோன்றி வளர்ந்தது. கறுப்பின மக்கள், அந்நாட்டின் ஆதிக்குடிகள், இலத்தீன் அமெரிக்க வழியினர் முதலானோர் கல்விக்கூடத்தினுள் வரவும், வந்தவர்கள் நிலைத்திருக்கவும் வழிசெய்வது அதன் பொறுப்பு. இவ்வலுவலகம் இரு திசைகளில் கைநீட்டுகிறது. ஒன்று, இதுவரை மாணவர்களை அனுப்பாத பள்ளிகளையும் சபைகளையும் ஊர்களையும் தேடிச்செல்லும் வெளித்தொடர்புப் பணி. மற்றொன்று, படித்துச்சென்ற பழைய மாணவரை மீண்டும் கல்விக்கூடத்தோடு இணைக்கும் பணி. பின்னதைத் திட்டமிடுகையில் அவ்வலுவலகம் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கிறது. சிறுபான்மையினரான பழைய மாணவர் பலர் தாங்கள் படித்த இடத்தை நன்றியோடு மட்டும் நினைப்பதில்லை, காயத்தோடும் நினைக்கிறார்கள். நன்கொடைக் கடிதம் அவர்கள் வீட்டிற்குச் செல்லும்போது அந்தக் காயமும் உடன் திறக்கப்படுகிறது.

குருமாருக்கும் இறையியல் மாணவருக்கும் இது புறம்பான நிர்வாகச் செய்தி எனத் தோன்றலாம். ஆயினும் இத்துறையில் ஆழமான முயற்சிகளுள் இரண்டு திருச்சபையினர் நிறுவிய கல்விக்கூடங்களில் நிகழ்ந்தவை. ஒன்று பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி. மற்றொன்று இயேசு சபைத் துறவியரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். பாவ அறிக்கை, மனந்திரும்புதல், ஈடுசெய்தல் என்னும் சொற்களை ஒரு நிறுவனம் தன்னைக் குறித்தே வழங்க நேரும்போது என்ன நிகழும் என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

பன்மைத்துவம் என்னும் சொல்

முதலில் அச்சொல்லின் பிறப்பைக் காணவேண்டும். 1968-ஆம் ஆண்டு மே மாதத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள் அப்பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்தில் அமர்ந்து போராடினார்கள். அதன் விளைவாக அவ்வாண்டே அங்குச் சிறுபான்மையினர் நலனுக்கென்று ஓர் அலுவலகம் தோன்றிற்று. அக்காலத்தில் மாணவர்கள் கேட்டது நீதி. இழைக்கப்பட்ட அநீதி இன்னது, அதை இழைத்தவர் இன்னார், அதற்கு ஈடு இன்னது என்பதே அவர்கள் பேச்சின் போக்கு.

பத்தாண்டுகளுக்குப் பின்பு, 1978-இல், பாக்கி வழக்கு என்று வழங்கும் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கியிருந்தது. அவ்வொதுக்கீடு செல்லாது என்றாயிற்று. ஆயினும் மாணவரைத் தெரிந்தெடுக்கையில் இனத்தைப் பல கூறுகளுள் ஒன்றாகக் கருதலாம் என்று நீதிபதி பவல் எழுதினார். அதற்கு அவர் கூறிய காரணமே கவனத்திற்குரியது. சமுதாயம் பொதுவாக இழைத்த பழைய அநீதிக்குப் பரிகாரம் தேடுவது போதிய காரணம் ஆகாது. பலவகை மாணவரும் கூடியிருத்தல் அனைவரின் கல்விக்கும் நன்மை பயக்கும் என்பது ஏற்கத்தக்க காரணம் என்றார்.

அன்றுமுதல் பல்கலைக்கழகங்கள் ஈடுசெய்தலைப் பற்றிப் பேசுவதை விடுத்துப் பன்மைத்துவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கின. அது சட்டத்தின் முன் பாதுகாப்பான சொல். இறையியல் நோக்கில் அது ஒரு குறையுள்ள சொல் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். பன்மைத்துவம் என்று சொல்லும்போது தவறிழைத்தவர் என்று எவரும் இருக்கவேண்டியதில்லை. எல்லாரும் வந்து எல்லாரும் பயன்பெறும் விருந்தாக அது அமைகிறது; முன்பு வாயிலில் தடுக்கப்பட்டவர் யார், தடுத்தவர் யார் என்று கேட்கப்படுவதில்லை. ஆனால் பழைய மாணவர் பட்டியலைக் கையில் எடுத்தவர் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. அப்பட்டியல் ஆண்டுவாரியாக எழுதப்பட்டது. எந்த ஆண்டுவரை எவர் பெயர் அதில் இல்லை என்பதை அதுவே சொல்லிவிடும்.

பிரின்ஸ்டனில் நிகழ்ந்தவை

பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி 1812-இல் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுப் பேரவையால் நிறுவப்பட்டது. அதே ஊரிலுள்ள பல்கலைக்கழகம் வேறு, இது வேறு. தியோடர் செட்ஜ்விக் ரைட் என்பவர் இக்கல்லூரியில் பயின்று 1828-இல் வெளியேறிய முதல் கறுப்பின மாணவர். பின்பு அவர் நியூயார்க் நகரில் கறுப்பின மக்களின் முதல் பிரெஸ்பிட்டேரியன் சபைக்குப் போதகராகப் பணியாற்றினார். 1833-இல் அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர்.

1836-ஆம் ஆண்டு பட்டமளிப்பு விழாக் காலத்தில் அவர் பிரின்ஸ்டனுக்குத் திரும்பி வந்தார். தம் ஆசிரியர்களையும் உடன்பயின்றோரையும் காணும் வேளை அது. அங்கிருந்த நாஸா மண்டபத்தில் பழைய மாணவர் திரண்டிருந்த கூட்டமொன்றிற்கு அவர் சென்றிருந்தபோது, வெள்ளை இளைஞன் ஒருவன் அவருடைய கழுத்துப்பட்டையைப் பிடித்து, இழிசொல் கூறிக் காலால் உதைத்தான். ரைட் திருப்பித் தாக்கவில்லை. நடந்ததைத் தம் ஆசிரியரான ஆர்ச்சிபால்ட் அலெக்சாண்டருக்கு எழுதினார். அக்கடிதம் அடிமைமுறையை எதிர்த்த இதழாகிய லிபரேட்டரில் வெளிவந்தது. ஒரு பழைய மாணவர் தம் கல்விக்கூடத்திற்குத் திரும்பி வந்ததன் வரலாறு இது. பழைய மாணவர் தொடர்பைத் திட்டமிடுவோர் இதைப் படித்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடங்குவது நல்லது.

ரைட்டைச் சேர்த்துக்கொண்ட அதே ஆசிரியர்கள் வேறொரு கருத்தையும் கொண்டிருந்தார்கள். விடுதலைபெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவிற்கு அனுப்பிக் குடியேற்றவேண்டும் என்று 1816-இல் தோன்றிய குடியேற்றச் சங்கத்தில் கல்லூரியின் முதற் பேராசிரியருள் சிலரும் ஆட்சிக்குழுவினர் சிலரும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தனர். கறுப்பின இளைஞன் மாணவனாக இருக்கலாம், போதகனாகவும் ஆகலாம், ஆனால் இந்நாட்டின் குடிமகனாக வாழ இயலாது என்பதே அச்சங்கத்தின் உட்கருத்து. ரைட் அதை வெளிப்படையாக எதிர்த்தார். சாமுவேல் கார்னிஷ் என்னும் போதகருடன் சேர்ந்து 1840-இல் அச்சங்கத்திற்கு மறுப்பாக ஒரு நூலும் வெளியிட்டார்.

2016-இல் கல்லூரி தன் வரலாற்றை ஆராயக் குழுவொன்றை அமைத்தது. 2018-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. கல்லூரி தன் பெயரில் அடிமைகளை வைத்திருக்கவில்லை. அதன் கட்டடங்களும் அடிமைகளின் உழைப்பால் எழுந்தவையல்ல. ஆனால் தென் மாநில வங்கிகளில் அது முதலீடு செய்திருந்தது. நன்கொடையாளர் பலர் அடிமைமுறையால் செல்வம் சேர்த்தவர்கள். முதற் பேராசிரியர்கள் தம் வாழ்வின் ஏதோ ஒரு காலத்தில் அடிமைகளின் உழைப்பைப் பயன்படுத்தினார்கள். சாமுவேல் மில்லர் 1797-இல் அடிமைமுறையைக் கண்டித்து உரை நிகழ்த்தியவர். அவரே பின்பு அடிமைகளை வைத்திருந்தார். மனிதர் இவ்வாறு இருத்தல் அருமையன்று. நம்மில் பிரசங்கம் செய்வோர் இதை அறிவோம்.

அறிக்கை வெளிவந்தபின் கறுப்பின இறையியல் மாணவர் சங்கத்தினர் பலருடைய கையொப்பங்களுடன் விண்ணப்பம் அளித்து ஈடுசெய்யக் கோரினார்கள். 2019 அக்டோபரில் ஆட்சிக்குழு 2 கோடியே 76 லட்சம் டாலரை இதற்கென ஒதுக்கியது. அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கும் போதிய இடம்பெறாத பிரிவினருக்கும் 30 உதவித்தொகைகள், முனைவர் பட்ட ஆய்வாளருக்கு 5 உதவித்தொகைகள், அவ்வூரின் ஒடுக்கப்பட்ட மக்களோடு கூட்டுப்பணி என்று திட்டம் விரிந்தது. நூலகத்திற்கு ரைட்டின் பெயர் சூட்டப்பட்டது. 2022 ஜனவரியில் சிற்றாலயத்திலிருந்து மில்லரின் பெயர் நீக்கப்பட்டது. ஏறத்தாழ 100 கோடி டாலர் நிலைநிதி உடைய கல்லூரிக்கு இத்தொகை சிறிது என்று மாணவர் சிலர் கூறினர். அவர்கள் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. சகேயு தன் ஆஸ்தியில் பாதி என்றும் நாலத்தனை என்றும் கணக்குச் சொன்னவன்.

கறுப்பினத் திருச்சபை ஆய்வு மையத்திற்குப் பெட்சி ஸ்டாக்டன் பெயரை வைத்தது இத்திட்டத்தின் சிறந்த கூறு என்பேன். அவர் பிரின்ஸ்டனில் அடிமையாகப் பிறந்தவர். பின்பு கல்லூரி ஆட்சிக்குழுவின் முதல் தலைவரான ஆஷ்பெல் கிரீனின் வீட்டில் வளர்ந்து விடுதலை பெற்றார். 1822-இல் அமெரிக்கன் போர்டு அவரை ஹவாய்த் தீவுகளுக்கு மிஷனெரியாக அனுப்பிற்று. யாழ்ப்பாணத்திற்கும் பின்பு மதுரைக்கும் மிஷனெரிகளை அனுப்பிய அதே போர்டுதான். லஹாய்னாவில் அவர் எளிய மக்களுக்கெனப் பள்ளி நடத்தினார். நாடு திரும்பியபின் பிரின்ஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கற்பித்து 1865-இல் காலமானார். அக்காலத்தில் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆதலால் பழைய மாணவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பட்டியலுக்கு வெளியே நின்றவருடைய பெயரைக் கல்லூரி தன் வாயிலில் எழுதிக்கொண்டது.

விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்

ஜார்ஜ்டவுனில் நடந்தது இன்னும் கடுமையானது. 1838-இல் மேரிலாந்து மாநில இயேசு சபையினர் தங்கள் தோட்டங்களில் உழைத்த 272 பேரை லூயிசியானாவின் தோட்ட முதலாளிகளுக்கு 1,15,000 டாலருக்கு விற்றனர். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, அவர்கள் தங்கள் விசுவாசத்தின்படி வழிபட வழிசெய்யவேண்டும், வரும் பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தலாகாது என்று ரோமிலிருந்த சபைத் தலைவர் நிபந்தனைகள் விதித்திருந்தார். மூன்றும் மீறப்பட்டன. முதல் தவணையில் பெரும்பகுதி கல்லூரியின் கடனை அடைக்கச் சென்றது. கல்விக்கூடம் பிழைத்தது.

2015-இல் பல்கலைக்கழகம் ஆய்வுக் குழுவொன்றை அமைத்தது. அவ்வாண்டு நவம்பரில் மாணவர் போராடியதால், விற்பனையை நடத்திய துறவியர் இருவரின் பெயர்கள் கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டன. இந்நிலையில் ரிச்சர்ட் செல்லினி என்னும் பழைய மாணவர் ஒரு கேள்வி கேட்டார்: விற்கப்பட்டவர்கள் பின்பு என்ன ஆனார்கள்? அவர்கள் லூயிசியானாவில் காய்ச்சலால் மாண்டு மறைந்தார்கள் என்று அவருக்கு விடை கிடைத்தது. அவர் அதை நம்பவில்லை. தம் சொந்த முயற்சியால் ஓர் அமைப்பைத் தொடங்கி, வம்சவரலாறு ஆய்வோரைக்கொண்டு தேடினார். வழித்தோன்றல்கள் ஆயிரக்கணக்கில் உயிரோடிருந்தார்கள். அவர்களுள் பலர் இன்றும் கத்தோலிக்க விசுவாசிகள். எந்த அலுவலகமும் திட்டமிட்டு இவரை இப்பணியில் ஈடுபடுத்தவில்லை. பழைய மாணவர் ஒருவர் தம் கல்விக்கூடத்திற்குச் செய்யக்கூடிய பேருதவி சில வேளைகளில் அதன் விடையை நம்பாமலிருப்பதே.

2016 செப்டம்பரில் வெளிவந்த அறிக்கையின்படி, 272 பேரின் வழித்தோன்றல்கள் சேர்க்கைக்கு விண்ணப்பித்தால், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் ஆசிரியர், அலுவலரின் பிள்ளைகளுக்கும் காட்டப்படும் அதே கவனம் அவர்களுக்கும் காட்டப்படும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. இது பழைய மாணவர் என்னும் சொல்லின் எல்லையையே மாற்றிவிட்டது. படித்தவர் மட்டும் உறவினர் அல்லர். தம் உடலை விலையாக்கிப் பள்ளியைப் பிழைக்கவைத்தவரும் உறவினர் என்பது அதன் பொருள். ஒநேசிமுவைக் குறித்துப் பவுல் பிலேமோனிடம் வேண்டியதும் இதற்கு அப்பாற்பட்டதன்று. இவ்வழியே 2017-இல் சேர்ந்தவர்களுள் ஒருவர் 63 வயதான பெண்மணி. பேரப்பிள்ளைகளின் வயதினரோடு முதலாண்டு வகுப்பில் அமர்ந்தார்.

2017 ஏப்ரல் 18-இல் நினைவுகூர்தலும் மனவருத்தமும் நம்பிக்கையும் குறித்த வழிபாடு நடைபெற்றது. இயேசு சபையினர் வழித்தோன்றல்களின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டனர். கட்டடமொன்றிற்கு விற்பனைப் பட்டியலின் முதற்பெயரான ஐசக் ஹாக்கின்சின் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் ஒரு குறை தொடக்கத்திலேயே நேர்ந்துவிட்டது. ஆய்வுக் குழுவில் வழித்தோன்றல்கள் உறுப்பினராக இல்லை. தங்களைப் பற்றிய முடிவைத் தாங்கள் இல்லாமல் எடுத்தது ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி.

பணத்தைப் பொறுத்தமட்டில் கதை மெல்ல நகர்ந்தது. 2019 ஏப்ரலில் மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, பருவத்திற்கு 27 டாலர் 20 சென்ட் தாங்களே செலுத்த மூன்றில் இரு பங்கினர் இசைந்தனர். பல்கலைக்கழகம் அக்கட்டணத்தை ஏற்காமல், ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் டாலரை நன்கொடை வழியாகத் திரட்டுவதாகக் கூறிற்று. கட்டாயக் கட்டணம் கடன்தீர்த்தல் ஆகும். நன்கொடை தருமம் ஆகும். இவ்வேறுபாட்டை மாணவர் உணர்ந்திருந்தனர். 2021 மார்ச்சில் இயேசு சபையினர் வழித்தோன்றல்களோடு சேர்ந்து நிறுவிய அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்ட உறுதியளித்தனர். 2023 செப்டம்பரில் சபையினரும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2 கோடியே 70 லட்சம் டாலர் அளித்தனர்.

உறவின் சலுகை

இங்கு ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவதென்பதே பன்மைத்துவத்திற்கு எதிரான பழக்கம். பட்டியலில் பெரும்பாலோர் வெள்ளையராயின், அவர்கள் பிள்ளைகளும் அவ்வாறே. நன்கொடையை நம்பிய நிர்வாகம் அதை விடத் தயங்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அதை ஓசையின்றிக் கைவிட்டு, 2020-இல்தான் வெளியே அறிவித்தது. முதலாண்டு மாணவருள் பழைய மாணவரின் உறவினர் 2009-இல் 12.5 விழுக்காடாக இருந்தது, 2019-இல் 3.5 விழுக்காடாகக் குறைந்தது. 2024-இல் கலிபோர்னியா மாநிலம் தனியார் கல்விக்கூடங்களிலும் இச்சலுகையைத் தடைசெய்து சட்டமியற்றிற்று. ஜார்ஜ்டவுன் 272 பேரின் வழித்தோன்றல்களுக்கு அளித்தது இதே சலுகையின் பங்குதான். கதவை அகற்றுவதற்குப் பதிலாக அதன் சாவி இன்னும் சிலருக்கு அளிக்கப்பட்டது எனக் குறைகூறுவோர் உண்டு. குறை உண்மையே, ஆயினும் சாவியைப் பெற்றவர்கள் யார் என்பதும் உண்மையே.

ஒரு பன்மைத்துவ அலுவலகம் பழைய மாணவர் பணியைத் திட்டமிடும் வழக்கமான முறை எளிதில் சொல்லத்தக்கது. பட்டியலைச் சீர்ப்படுத்துவர், முகவரி அற்றுப்போனவரைத் தேடுவர், கறுப்பினப் பழைய மாணவர் சங்கம் போன்ற கிளைச் சங்கங்களை ஊக்குவிப்பர், பழைய மாணவர் ஒருவரைப் புதிய மாணவர் ஒருவருக்கு வழிகாட்டியாக இணைப்பர், ஆலோசனைக் குழு அமைப்பர், ஆண்டுவிழாவிற்கு அழைப்பர். இவை யாவும் நல்லவை. வரிசைதான் பெரும்பாலும் தவறுகிறது. முகவரி கிடைத்தவுடன் செல்லும் முதற்கடிதம் நன்கொடை கேட்கும் கடிதமாக இருந்துவிடுகிறது. நீர் இங்கே இருந்த ஆண்டுகள் உமக்கு எப்படி இருந்தன என்று கேட்கும் கடிதம் முந்திச் செல்லவேண்டும். வரும் விடையைப் படிக்கவும், அதற்குப் பதில் எழுதவும், தேவையானால் ஆட்சிக்குழுவின் முன் வாசிக்கவும் ஒருவர் பொறுப்பேற்கவேண்டும். இப்பகுதிக்குத் திட்டத்தில் நிதி ஒதுக்கப்படுவது அரிது.

சட்டத்தின் திருப்பம்

2023 ஜூன் 29-இல் உச்சநீதிமன்றம் ஹார்வர்ட், வடகரோலினா பல்கலைக்கழகங்களின் வழக்கில் சேர்க்கையில் இனத்தைக் கருதுவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. விண்ணப்பதாரர் தம் வாழ்வை இனம் எவ்வாறு பாதித்தது என்று எழுதலாம் என்ற அளவிற்கே இடம் விடப்பட்டது. 1978-இல் பாதுகாப்பாக இருந்த சொல்லும் இவ்வாறு பாதுகாப்பற்றதாயிற்று. டெக்சாஸ் மாநிலம் 2023-இல் இயற்றி, 2024 ஜனவரி 1-இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தால் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்மைத்துவ அலுவலகங்கள் மூடப்பட்டன. 2025 ஜனவரியில் குடியரசுத்தலைவரின் ஆணைகள் வந்தன; அவ்வாண்டு மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகமும் தன் அலுவலகத்தை மூடிற்று. அலுவலகம் போனபின்பும் பழைய மாணவர் போகவில்லை. பழைய மாணவர் சங்கங்கள் பல, பல்கலைக்கழகத்தினின்று வேறாகப் பதிவுசெய்யப்பட்டுத் தமக்கென நிதி உடையவை. டெக்சாசில் பல்கலைக்கழகம் கைவிட்ட சில இனக்குழுக்களின் பட்டமளிப்பு விழாக்களை 2024-இல் மாணவரும் பழைய மாணவரும் வளாகத்திற்கு வெளியே நடத்தினர்.

நம்மவரைச் சார்ந்த செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. இவ்வலுவலகங்களின் படிவங்களில் இந்தியர், சீனர், கொரியர் யாவரும் ஆசியர் என்னும் ஒரே கட்டத்தில் அடைக்கப்பட்டனர். தென்னாசியப் பழைய மாணவர் கூட்டத்தில் சாதியை மறைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவரை அக்கட்டம் காட்டாது. 2019 டிசம்பரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் பாகுபாடு காட்டலாகாத அடிப்படைகளுள் சாதியையும் சேர்த்தது. 2022 ஜனவரியில் 23 வளாகங்களைக் கொண்ட கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகம் அவ்வாறே செய்தது. இவ்விதிகளுக்காகப் பேசியவர்களுள் தலித் மாணவரும் பழைய மாணவரும் இருந்தனர். எதிர்த்தவர்களுள்ளும் இந்திய வழியினர் இருந்தனர். இரு சாராரும் அதுவரை ஒரே கட்டத்தில் எண்ணப்பட்டவர்கள்.